வாசலுக்கு வரும் பூனை யாருடையது? கதவைச் சாத்துமுன் செய்ய வேண்டியவை

கொங்குப் பக்கம் ஒரு பூனைக்கு இன்னார்தான் சொந்தக்காரர் என்று சொல்வது கஷ்டம். சோறு தின்பது ஒரு வீட்டில், படுப்பது இன்னொரு வீட்டுத் திண்ணையில், குட்டி போடுவது மூன்றாவது வீட்டு அட்டாலியில். போய்க் கேட்டால் மூன்று வீட்டிலும் ஒரே பதில்தான்: "அது எங்களுது இல்லீங்க, சும்மா வந்துட்டுப் போகும்." அதே பூனையை நாலு நாள் காணவில்லையென்றால் மூன்று வீட்டிலும் தேடுவார்கள். அதில் ஒரு வீட்டுப் பாட்டி சாப்பிடாமல்கூட இருப்பார்.

அதனால் "இது உங்க பூனையா?" என்ற கேள்வியால் பிரயோசனம் இல்லை. "ஏனுங்க, இந்தப் பூனையக் காணோம்னா யாருங்க தேடுவாங்க?" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும். தெருவில் திரியும் பூனையை வீட்டுக்குள் எடுப்பதற்கு முன் செய்யும் வேலையெல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதுதான்.

சட்டமும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 2023-இன் 314-ஆம் பிரிவு (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 403) கண்டெடுத்த பொருளைப் பற்றிப் பேசுகிறது. பாதுகாக்கவோ உரியவரிடம் சேர்க்கவோ எடுத்து வைத்திருந்தால் குற்றமில்லை. உரியவர் யாரென்று தெரிந்தும், அல்லது கண்டுபிடிக்க வழி இருந்தும், முறையாகத் தேடாமல், தகவல் சொல்லாமல், நியாயமான காலம் காத்திருக்காமல் தனதாக்கிக்கொண்டால் குற்றம். இத்தனை நாள் என்று கணக்கு எதுவும் அதில் இல்லை. பூனைக்காக யாரும் ஸ்டேஷன் வரை போவது அபூர்வம், வீதிச் சண்டையோடு முடிந்துவிடும். ஆனால் அந்த வீதிச் சண்டை பத்து வருசம் ஓடும்.

காத்திருக்காமல் எடுக்க வேண்டியவை

வண்டியில் அடிபட்டது, புழு வைத்த புண் உள்ளது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது: இவற்றைக் கண்டால் விசாரணையெல்லாம் அப்புறம், முதலில் டாக்டர். கடுவன் பூனை குந்திக் குந்தி முக்கியும் மூத்திரம் வரவில்லை என்றால் அதுவும் அவசரம். குழாய் அடைத்துக்கொண்ட கடுவன் ஓரிரு நாளில் செத்துப்போகும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அதில் போவது நேரம்தான்.

தட்டை முகமும் நீள முடியும் கொண்ட பெர்ஷியன் தெருவில் சுற்றினால் அது ஒரு வீட்டிலிருந்து தப்பியது, அல்லது யாரோ விட்டுவிட்டுப் போனது. அந்தச் சாதி தெருவில் தாக்குப்பிடிக்காது, முடி சடைபிடித்துத் தோலை இழுக்கும், ஈரோடு, கரூர் வெயிலில் சுருண்டுவிடும். எடுத்து வைத்துக்கொண்டே தேடுங்கள்.

மற்ற எல்லாப் பூனைக்கும் இரண்டு வாரம் பொறுக்கலாம்.

பூனையைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்

மெலிந்திருந்தால் அனாதை, கொழுத்திருந்தால் வீட்டுப் பூனை என்று முடிவுகட்ட வேண்டாம். ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும் காங்கேயம் அரிசி ஆலையிலும் எலி தின்று கொழுத்த பூனைகள் எந்த வீட்டையும் சேர்ந்தவை அல்ல. சிறுநீரகம் கெட்டுப்போன பதினைந்து வயது வீட்டுப் பூனை எலும்பும் தோலுமாகத்தான் இருக்கும்.

கொஞ்சம் நம்பத்தக்க அடையாளங்கள் வேறு. வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு உங்களை நோக்கி நடந்து வருவது மனிதரோடு பழகிய பூனை. தயிர்சாதத்தையோ ரசஞ்சாதத்தையோ முகர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்து தின்கிறதா, யாரோ குட்டியிலிருந்து அதற்குச் சோறு வைத்திருக்கிறார்கள். காட்டில் வளர்ந்தது பெரும்பாலும் அதைத் தொடாது. பிரிட்ஜ் திறக்கும் சத்தத்துக்குக் காதைத் திருப்புகிற பூனையும் அப்படித்தான்.

தொட விட்டால் கழுத்தைச் சுற்றி விரலால் தடவுங்கள். பட்டையோ கயிறோ கட்டியிருந்த இடத்தில் முடி வளையமாகப் படிந்திருக்கும், சில சமயம் உடைந்து குட்டையாக இருக்கும். இங்கே திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு கட்டுகிற வழக்கம் உண்டு. குட்டியாக இருக்கையில் கட்டியதை யாரும் தளர்த்தாமல் விட, பூனை வளர வளரக் கயிறு தோலுக்குள் இறங்கிவிடும். முடிக்குள் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, கெட்ட வாடைதான் காட்டிக்கொடுக்கும். அதை நீங்களே கத்தரிக்க வேண்டாம், டாக்டரிடம் கொண்டுபோங்கள். வீடு இருக்கிறது என்பதற்கும் அந்தக் கயிறே சாட்சி.

இடது காதின் நுனியை நேர்கோடாகக் கத்தரித்து எடுத்த மாதிரி இருந்தால், கருத்தடை செய்து விட்ட பூனை. சண்டையில் கிழிந்த காது இப்படி இருக்காது, ஓரத்தில் கோணலாகப் பிளந்திருக்கும். விதை எடுத்த கடுவனும் அப்படியே: யாரோ காசு செலவழித்திருக்கிறார்கள், அவரைக் கண்டுபிடித்தாக வேண்டும். கன்னம் இரண்டும் உப்பி, முகம் அகன்று, முகமெல்லாம் தழும்பாக இருக்கும் முழுக் கடுவன் பெட்டை தேடி வெகுதூரம் வந்திருக்கலாம். அதன் வீடு உங்கள் வீதியில் இல்லாமல் இருக்கவும் வாய்ப்புண்டு.

மைக்ரோசிப் இருந்தால் வேலை சுலபம். தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கடியில் அரிசி அளவு இருக்கும், ஸ்கேனர் வைத்தால் 15 இலக்க எண் வரும். நம் ஊர்ப் பூனைகளில் இது குறைவுதான். கோவை, திருப்பூர் மாதிரி ஊர்களில் செல்லப்பிராணி மருத்துவமனைக்குப் போகும்போது ஒருமுறை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு நிமிச வேலை.

எங்கே கேட்பது

2018-இல் வெளியான ஓர் ஆய்வில், காணாமல் போய்க் கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்திருந்தன. ஆகவே ஊரெல்லாம் போஸ்டர் ஒட்ட வேண்டியதில்லை. உங்கள் வீதி, முன் வீதி, பின் வீதி, இரண்டு பக்கச் சந்து. அதை நன்றாகச் செய்தால் போதும்.

வீடு வீடாகத் தட்டுவதற்கு முன் மீன்காரரிடம் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் மீன் கொண்டுவருகிறவருக்கு, "பூனைக்குத் தலையும் குடலும் போட்டுக் குடுங்க" என்று கேட்டு வாங்குகிற வீடுகள் அத்தனையும் தெரியும். அடுத்து பால்காரர், விடியற்காலையில் எந்தப் பூனை எந்தக் கேட்டுக்கடியில் நுழைகிறது என்று பார்க்கிறவர் அவர். இஸ்திரி வண்டிக்காரர், தூய்மைப் பணியாளர், முக்கு பேக்கரி, கோழிக்கடை. போனில் படத்தைக் காட்டினால் "இது டெய்லர் ஊட்டுப் பக்கம் சுத்துமுங்களே" என்று ஒருவராவது சொல்வார். வீட்டுக்காரர்களிடம் கேட்டால் பெரும்பாலும் குடும்பத்தலைவர்தான் வெளியே வந்து "தெரியாதுங்க" என்பார். பூனைக்குச் சோறு வைப்பது அவர் அல்ல. வீட்டு அம்மாவிடமோ பையன்களிடமோ கேளுங்கள்.

வாடகைக்குப் புதிதாகக் குடிவந்தவர் நீங்கள் என்றால், பூனை முன்பு குடியிருந்தவர்களுடையதாக இருக்கலாம். பூனை இடத்தைப் பிடித்துக்கொள்கிற பிராணி. வீடு மாற்றிக் கொண்டுபோன பூனை பழைய வீட்டுக்கே நடந்து வந்துவிடும். வீட்டு ஓனரிடம் பழைய குடித்தனக்காரரின் நம்பரை வாங்கிப் பேசிவிடுங்கள்.

திருப்பூர், பல்லடம், சோமனூர்ப் பக்கம் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தறிக்குடோனிலும் குடோன்களிலும் இருக்கிற பூனை எலிக்காக வைத்திருப்பது. யாரும் பேர் வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் வாட்ச்மேன் தினமும் பன்னும் பாலும் வைப்பார். அந்தப் பூனையை வீட்டுக்குள் அடைத்தால் அதற்கும் பிடிக்காது, வாட்ச்மேனுக்கும் பிடிக்காது. தொடவே விடாத பூனை என்றால் கருத்தடை செய்து அங்கேயே விடுவதுதான் சரி. இன்னொன்று லைன் வீடுகள். பீகார், ஒடிசாவிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களும் பூனை வளர்க்கிறார்கள். தமிழில் மட்டும் ஒட்டிய நோட்டீஸ் அவர்களுக்குப் போய்ச் சேராது. படம் பெரிதாகப் போட்டு, இந்தியிலும் இரண்டு வரி எழுதுங்கள்.

தீபாவளி, பொங்கல் சமயத்தில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். பனியன் கம்பெனிகள் லீவு விட்டு ஆளெல்லாம் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். பக்கத்து வீட்டுச் சாவியோடு பூனையையும் ஒப்படைத்திருப்பார்கள், அல்லது ஒப்படைக்க மறந்திருப்பார்கள். வெடிச்சத்தத்துக்கு ஓடிவந்து ஒளிந்த பூனைகளும் அப்போதுதான் அதிகம். லீவு முடிந்து ஆள் திரும்பிய பிறகே 14 நாள் கணக்கை ஆரம்பிக்க வேண்டும்.

இந்த இரண்டு வாரமும் தண்ணீர் வையுங்கள். சாப்பாடு விஷயத்தில் கொஞ்சம் கை இறுக்கம் வேண்டும். முதுகெலும்பு விரலுக்குக் கூராகத் தட்டுப்பட்டால் சோறு போடலாம். உடம்பு சரியாக இருக்கிற பூனைக்குக் கோழிக்கறி வைத்தால் அது தன் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடும், பிறகு "யாரும் தேடி வரவில்லை, இங்கேயேதான் கிடக்கிறது" என்று நீங்களே நம்பிவிடுவீர்கள்.

கழுத்தில் கட்டும் காகிதம்

இதைவிட மலிவான வழி வேறு கிடையாது. ஆனால் செய்கிற விதத்தில் பிசகினால் பூனைக்கு ஆபத்து.

ஏ4 தாளை நீளவாக்கில் 2.5 செ.மீ. அகலப் பட்டையாக வெட்டுங்கள். கிட்டத்தட்ட 30 செ.மீ. நீளம் வரும், வளர்ந்த பூனையின் கழுத்துக்கு அது தாராளம். பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள், இங்க் பேனா ஈரத்தில் கரையும். வாசகம் சின்னதாக இருக்கட்டும்: "இந்தப் பூனை உங்க வீட்டுதா? கூப்பிடுங்க" என்று எழுதி ஒரு நம்பர். பெண்கள் தங்கள் சொந்த நம்பரைத் தெருவில் நடமாட விட வேண்டாம், வீட்டில் இருக்கிற இரண்டாவது போன் நம்பரைப் போடுங்கள். தேவையில்லாத அழைப்புகள் வரத்தான் செய்யும்.

பூனை தின்றுகொண்டிருக்கும்போது எழுத்து வெளிப்பக்கம் வரும்படி கழுத்தில் சுற்றுங்கள். காகிதத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் தாடையையோ முன்னங்காலையோ உள்ளே விட்டுக்கொள்ளும். முனை சேரும் இடத்தில் மட்டும் 2 செ.மீ. செல்லோ டேப், முடியில் ஒட்டாமல். நனையக்கூடாதென்று பட்டை முழுவதும் டேப் சுற்றுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் காகிதம் கிழியாது. வேலியிலோ கிளையிலோ மாட்டினால் கிழிய வேண்டும், அதற்காகத்தான் காகிதமே. ரப்பர் பேண்டு, நூல், கம்பி எதுவும் கூடாது. நாலு மாதத்துக்குக் கீழான குட்டிக்கும், தொட விடாத பூனைக்கும் இது வேண்டாம்.

பிறகு கழுத்தைக் கவனியுங்கள். காகிதம் கந்தலாகத் தொங்கினால் பூனை தானே பிய்த்திருக்கிறது, மாற்றிக் கட்டுங்கள். சுத்தமாகக் காணவில்லை என்றால் எதையும் முடிவு செய்ய முடியாது, அதையும் மாற்றிக் கட்டுங்கள். பழைய காகிதம் போய் அந்த இடத்தில் ஒரு கயிறோ மணியோ கட்டியிருந்தால் அதுவே பதில்: கூப்பிட மனமில்லாத ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். மறுபடி ஒரு காகிதம், இந்த முறை "கோபிக்காதீங்க, தெரிஞ்சுக்கத்தான் கேட்டோம்" என்ற மாதிரி எழுதி அனுப்புங்கள். பத்து நாளில் மூன்று முறை கட்டியும் ஒரு அழைப்பும் இல்லை, காகிதம் யார் கையும் படாமல் இருக்கிறது என்றால் வீடு இல்லை என்று ஓரளவு நம்பலாம். கட்டிய ஒவ்வொரு முறையும் தேதி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் போடும்போது முகம், இரண்டு பக்க உடம்பு, வால் தெரிய நாலு படம் போதும். ஒரு அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்: பாதத்தின் அடி நிறம், வயிற்றில் ஒரு புள்ளி, வால் நுனியில் கையில் தட்டுப்படுகிற முடிச்சு. யாராவது "எங்களுது" என்று வந்தால் அதைக் கேட்கலாம்.

பெட்டையாக இருந்தால் வயிற்றைப் பாருங்கள்

வீட்டுக்குள் எடுப்பவர்கள் செய்கிற தவறுகளில் மோசமானது, பால் கொடுக்கிற தாயை அடைத்துவிடுவது. மடிக்காம்பு தடித்து இளஞ்சிவப்பாக, அதைச் சுற்றி முடி தேய்ந்து வட்டமாக இருந்தால் எங்கேயோ குட்டிகள் இருக்கின்றன. அவசர அவசரமாகத் தின்றுவிட்டு ஒரே திசையில் போகும். அதை ஒரு நாள் அடைத்தால்கூடப் பிறந்த குட்டிகள் தப்பாது. தூரமாக நின்று பின்தொடர்ந்து, குட்டிகள் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, தாயையும் குட்டிகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கட்டுத்தரை மூலையிலோ விறகு அடுக்கிலோ குட்டிகளைப் பார்த்ததும் "தாய் விட்டுட்டுப் போயிருச்சு" என்று தூக்கிவந்துவிடுவது. தாய் இரை தேடப் போனால் சில மணி நேரம் வராமல் இருக்கும். குட்டிகள் வயிறு நிறைந்து ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கினால் தாய் இருக்கிறது. சுற்றிலும் சலித்த காய்ந்த மண்ணை மெல்லிசாகத் தூவிவிட்டு வாருங்கள், வந்து போனால் காலடி விழும். அரிசி மாவு தூவினால் எறும்பு வரும், எறும்பு கண் திறக்காத குட்டியைக் கடித்தே கொன்றுவிடும். குட்டி விடாமல் கத்துகிறது, உடம்பு குளிர்ந்திருக்கிறது என்றால் மட்டும் உடனே எடுங்கள். எடுத்ததும் முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கமாக வைத்தால் குட்டி வேண்டும்போது நகர்ந்துகொள்ளும். மாட்டுப்பால் பேதியாகும். குட்டிகளுக்கென்று விற்கிற பால்மாவைத்தான் கலக்க வேண்டும், அதையும் மல்லாக்கப் போட்டு ஊட்டாமல் குப்புற வைத்து ஊட்ட வேண்டும்.

வயசு கணக்கு: பிறந்தபோது 100 கிராம், வாரத்துக்குச் சுமார் 100 கிராம் ஏறும். 7 முதல் 10 நாளில் கண் திறக்கும். தாயிடமிருந்து பிரிக்க 8 வாரமாவது ஆக வேண்டும்.

எப்படிப் பிடித்துக் கொண்டுவருவது

தேடியாயிற்று, யாரும் இல்லை. பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள். நம் பக்கம் வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருகிற பழக்கம் இருக்கிறது. (அப்படிப் பட்டினி கிடக்கும்படி விடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம்.) சாக்குக்குள் மூச்சு முட்டும், பூனை பயத்தில் நகம் வழியாகவே உங்களிடம் பேசும்.

பூனைக்கென்று விற்கிற பிளாஸ்டிக் கேரியர் நல்லது. இல்லையென்றால் தக்காளிப் பெட்டி இரண்டை வாயோடு வாய் கவிழ்த்து நாலு மூலையிலும் கேபிள் டையால் கட்டினால் உறுதியான கூண்டு. மூன்று நாள் அதற்குள்ளேயே சாப்பாடு வைத்துப் பழக்குங்கள், நாலாம் நாள் மூடினால் போதும். மூடியதும் மேலே ஒரு துண்டு போர்த்துங்கள், இருட்டானால் அடங்கிவிடும். பைக்கில் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். ஒரு ஹாரன் சத்தம் போதும், எகிறிக் குதித்துவிடும்.

கடித்துவிட்டால், பிறாண்டி ரத்தம் வந்தால், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிசம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம், தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாள்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். பூனைப்பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் மறுநாள் கை வீங்கி நிற்கும்.

முதல் 14 நாள் வைக்கும் அறை

வீட்டில் வேறு பூனை இருக்கிறதோ இல்லையோ, தனி அறை வேண்டும். பூனைகளைக் கொத்தாகக் கொல்கிற பார்வோ வகைக் கிருமி பூனை பார்க்க நன்றாக இருக்கும்போதே உள்ளே இருக்கும். வாந்தி, பேதி, சோர்வு என்று வெளிப்படச் சில நாள் பிடிக்கும். அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் ஒரு வருசம்வரை உயிரோடு கிடக்கக்கூடியது.

குளியலறை வசதியானது. வாளித் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள், குட்டி விழுந்தால் ஏற முடியாது. இந்தியன் டாய்லெட்டின் மேல் ஒரு பலகை. வென்டிலேட்டர் கண்ணாடிப் பட்டைகளை ஆட்டிப் பாருங்கள், கழன்று வருவதைப் பூனை ஒரே ராத்திரியில் கண்டுபிடித்துவிடும். எக்ஸாஸ்ட் பேன் ஓட்டைக்குக் கம்பிவலை. ஓட்டு வீடு என்றால் அறையில் விடவே வேண்டாம், ஓட்டைத் தள்ளிக்கொண்டு போய்விடும். 3 அடிக்கு 2 அடி, உயரம் 2 அடி உள்ள கம்பிக்கூண்டு வாங்கி அதில் வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையைச் சித்திரை வைகாசியில் நினைத்தும் பார்க்காதீர்கள்.

மலஜலத்துக்கு 40-க்கு 30 செ.மீ. டிரே, 10 செ.மீ. உயரம். உள்ளே 5 முதல் 7 செ.மீ. ஆழத்துக்கு நிரப்ப வேண்டும், குறைவாகப் போட்டால் தோண்ட முடியாமல் வெளியே போகும். எம்-சாண்ட் காலில் குத்தும், தூசு கிளப்பும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் காய்ந்த தென்னை நார்க்கழிவு கிடைக்கும், ஈரம் இழுக்கும், வாடை குறையும். நீள முடிப் பூனைக்கு மட்டும் அது ஆகாது, முடியில் ஒட்டிக்கொள்ளும். தினமும் அள்ளுங்கள். வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்கள் அள்ள வேண்டாம்: பூனை மலத்தில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது பிடிக்கும், அன்றன்றைக்கே அள்ளுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தரை துடைக்கிற விஷயத்தில்தான் நம் வீடுகளில் பூனை அதிகம் கெடுகிறது. பினாயில், டெட்டால் வகை பூனைக்கு விஷம். தரையில் நடந்து, பாதத்தை நக்கி, ஈரலைக் கெடுத்துக்கொள்ளும். அதற்குப் பதில் 5 சதவீத பிளீச் திரவம் 30 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து துடைத்து, 10 நிமிசம் விட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு பூனையை விடுங்கள். டாய்லெட் ஆசிடோடு அதைச் சேர்க்கவே கூடாது, கிளம்புகிற வாயு உங்களையே சாய்க்கும். பாச்சா உருண்டையையும் எடுத்துவிடுங்கள்.

முதல் நாள் பூனை வாளிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு எதையும் தொடாது. 24 மணி நேரம்வரை பரவாயில்லை. 48 மணி நேரம் தாண்டியும் தின்னவில்லையென்றால் டாக்டரிடம் போக வேண்டும், பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்புச் சேர்ந்துவிடும். 4 கிலோ பூனைக்கு நாளைக்கு 50–60 கிராம் உலர்தீனி போதும். மீனும் சோறும் தின்று பழகியதற்கு ஒரேயடியாக மாற்றினால் வயிறு போகும், ஏழு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். ராத்திரி கத்தும். கதவைத் திறந்தால் கத்தினால் திறக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

மருந்து, ஊசி, ஆபரேசன்

பெரும்பாலான ஊர்களில் கால்நடை மருந்தகம் இருக்கிறது, ஆனால் அங்கே கவனமெல்லாம் மாடு ஆட்டின் மேல். பூனை பார்த்துப் பழகிய டாக்டரைத் தேடிப் போவது நல்லது. நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, சிக்கலான கேஸுக்கு அங்கே போகலாம்.

எடை போட்டுக் குடற்புழு மருந்து. மூன்று நோய்க்கான கூட்டுத் தடுப்பூசி குட்டிக்கு 6–8 வாரத்தில் தொடங்கி, 3–4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம்வரை. வளர்ந்ததற்கு அதே இடைவெளியில் இரண்டு முறை. ரேபிஸ் ஊசி 12 வாரத்திலிருந்து. காய்ச்சலுக்கு உங்கள் பாராசிட்டமால் மாத்திரையில் கால் துண்டு கொடுத்தாலும் பூனை செத்துப்போகும். மாட்டு உண்ணிக்கு அடிக்கிற மருந்தும், நாய்க்கு முதுகில் விடுகிற பெர்மெத்ரின் சொட்டும் அப்படியே. நடுக்கம் கண்டு வலிப்பு வரும்.

கருத்தடையைக் காத்திருப்புக் காலம் முடிகிறவரை செய்யாதீர்கள். வேறு எதையும் திருப்பிக் கொடுக்கலாம், இதைத் திருப்ப முடியாது. அதற்கு மேல் தள்ளவும் வேண்டாம்: சினைக்காலம் 63–65 நாள்தான், நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கையில் குட்டி போட்டுவிடும். நாலு மாதமும் இரண்டு கிலோவும் தாண்டினால் பொதுவாகச் செய்யலாம். அறுப்பதற்கு முன் முடியை ஒதுக்கி வயிற்றிலும் விலாவிலும் பழைய தையல் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "எங்களுது இல்லீங்க, சோறு மட்டும் வைப்போம்" என்ற வீடு ஒன்று தெரிந்திருந்தால், அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "பாவமுங்க" என்பார்கள். போன ஈத்துக் குட்டிகள் எத்தனை பிழைத்தன என்று அவர்களையே கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

வீட்டை விட்டு வெளியே விடுவதாக இருந்தால் மூன்று நாலு வாரம் உள்ளேயே வைத்த பிறகு விடுங்கள். அதற்குள் விட்டால் பழைய இடத்துக்கே போகும். தென்னந்தோப்பும் கோழிப்பண்ணையும் அக்கம்பக்கம் இருந்தால் விடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. எலிக்கு வைத்த மருந்தைத் தின்ற எலியைத் தின்றே நல்ல பூனைகள் போகின்றன.

பிறகு யாராவது கேட்டு வந்தால்

ஒரு மாதம் கழித்தும் வருவார்கள், ஆறு மாதம் கழித்தும் வருவார்கள். வாசலில் நிற்க வைத்துப் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். பழைய போன் படங்கள், ஊசி அட்டை கேளுங்கள். வெளியே சொல்லாமல் வைத்த அடையாளத்தைக் கேளுங்கள். குழந்தையை அழைத்து வந்திருந்தால் அதனிடம் கேட்பது இன்னும் சரியாக இருக்கும், பூனையின் பாதம் என்ன நிறம் என்று பெரியவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். பொருந்தினால் கொடுத்துவிடுங்கள். மருத்துவச் செலவைச் சொல்லலாம், தராவிட்டால் பிடித்து வைக்க வேண்டாம். கழுத்தில் கயிறு இறங்கியது, பட்டினி போட்டது மாதிரி ஏதாவது பார்த்திருந்தால் மட்டும் டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டி மறுக்கலாம்.

இரண்டு வீட்டுப் பூனையாகவே இருக்கட்டும் என்று முடிவானால், யார் ஊசி போடுவது, யார் எந்த வேளை சோறு வைப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டிலும் புழு மருந்து கொடுத்து இரட்டை டோஸ் ஆகிவிடக் கூடாது.

காகிதம் கட்டிய படங்கள், ஒட்டிய நோட்டீஸ் ஒன்று, கேட்டவர்கள் பட்டியல், டாக்டர் பில் எல்லாம் ஒரு கவரில் இருக்கட்டும். அதை ரேசன் கார்டு வைக்கிற இடத்திலேயே வையுங்கள், வேறு எங்கே வைத்தாலும் கேட்டு வருகிற அன்றைக்குக் கிடைக்காது.